ஏட்டுப் பெட்டியும் தட்டுப் பெட்டியும்

(மன்றத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



எமக்கு முன் பேசிய அன்பர்கள் தேவாரத்தைப் பற்றியும் திருக்குறளைப் பற்றியும் சுவைபடப் பேசி அமர்ந்தார்கள். நாம் பேச எடுத்துக்கொண்டதோ ஓர் இரும்புப் பெட்டி. கணினிக்கு வெளியே வைத்து, அதனுள் இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகளைச் செருகி, பெரிய வீடியோக்களையும் படங்களையும் சேமிக்கும் பெட்டி அது. கடைக்காரர்கள் இதனை 'என்குளோஷர்' என்பர். நாம் தட்டுப் பெட்டி என்று சொல்லிக்கொள்வோம். இந்தப் பெட்டியை முன்னிட்டுச் சென்ற செயற்குழுக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வாக்குவாதம் நிகழ்ந்தது. தேநீர் ஆறிப்போயிற்று, முடிவு மட்டும் பிறக்கவில்லை. "படிக்கிற பிள்ளைகள் நன்றாக விசாரித்து வந்து சபையிலே சொல்லட்டும்" என்று தலைவர் ஐயா பணித்தார்கள். பேராதனையிலே படிக்கிறோம் என்பதற்காக எமக்கு எல்லாம் தெரியும் என்று பெரியோர்கள் எண்ணுவது எமக்குப் பெருமையே ஆயினும், உண்மையில் நாம் இதைக் கற்றது பல்கலைக்கழகத்தில் அன்று. ஒரு பெரிய பிழையைச் செய்துவிட்டுக் கற்றோம். அந்தப் பிழையை முதலில் சொல்லிவிடுவதே முறை.

எம் முன்னோர் இம்மலைகளுக்கு வந்து 200 ஆண்டு நிறைவெய்திய 2023ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்ற ஆண்டு அது. அந்த ஆண்டு மாசியில், நமது தோட்டத்துக் காமன் கூத்தைத் தொடக்கம் முதல் தகனம் வரை முழுவதும் படம் பிடித்து வைப்பது என்று இளைஞர் சிலர் கூடித் துணிந்தோம். இரண்டு கமராக்களை இரவல் வாங்கினோம். காமன் பொட்டலிலே தூறல் விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. தப்பின் தோலைத் தீயிற் காய்ச்சிக் காய்ச்சி அடித்தார்கள். விடியும் வரை ஒருவரும் அசையவில்லை. அதன் பின் இரண்டு பிற்பகல்கள் கூத்து மாஸ்டர் தமது லயத்து வாசலிலே எமக்காக அமர்ந்து, ரதியின் ஒப்பாரியை ஓரடி விடாமற் பாடி, எந்த அடி யாரிடம் கற்றது என்றும் சொன்னார். அவருக்கு எழுத்து வராது. பாட்டெல்லாம் நெஞ்சிலேயே இருந்தது. அவ்வளவையும் நாம் ஒரு சிறிய கைத்தட்டிலே, 2 டெராபைட் கொள்ளக்கூடிய ஒரே ஒரு தட்டிலே, சேர்த்து வைத்தோம். பிரதி எடுக்கவேண்டும் என்ற எண்ணம் இருந்தது. 'அடுத்த விடுமுறையில் எடுப்போம்' என்று வைத்துவிட்டோம்.

2024ஆம் ஆண்டு மாஸ்டர் காலமானார். அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அவர் குரலையே ஒலிக்கச் செய்வோம் என்று மண்டபத்து மேசையிலே அந்தத் தட்டைக் கணினியுடன் இணைத்தோம். எம்மில் ஒருவரின் கால் வடத்தில் மாட்டியது. சுழன்றுகொண்டிருந்த தட்டு நிலத்தில் விழுந்தது. அதன் பின் அது எழுப்பிய 'டிக், டிக்' என்ற ஒலியை இன்றைக்கும் எம்மால் மறக்க இயலவில்லை. கொழும்புக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்க்கச் செய்தோம். படங்கள் சில வந்தன. கூத்து வரவில்லை, ஒப்பாரியும் வரவில்லை. மாஸ்டருடைய பேத்தியின் கைத்தொலைபேசியில் நான்கு நிமிடப் பாட்டு ஒன்று இருக்கிறது. இன்று எஞ்சியிருப்பது அதுவே. தட்டைச் செய்தவர் மேல் எமக்குக் குறை இல்லை. விழுந்தால் உடையும் பொருளை ஒன்றாக வைத்திருந்த குற்றம் எம்முடையதே.

அப்படியிருக்க, இவ்வாண்டு மன்றம் ஒரு தொகையை ஒதுக்கி, நல்ல பெட்டியாக வாங்குங்கள் என்று சொல்லியிருப்பதை நாம் எளிதாக எண்ணவில்லை. மறுமுறையும் பிழைக்கக் கூடாது.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதை முதலிற் பார்ப்போம். இப்போதுள்ள கமராக்கள் நான்கு-கே என்னும் தெளிவிலே பிடிக்கும்போது, ஒரு நொடிக்கு 100 மெகாபிட் என்ற கணக்கில் எழுதினால், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் ஆகிறது. எட்டு மணி நேரக் கூத்துக்கு 360. இரண்டு கமரா என்றால் 720 ஜிகாபைட். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றையும் ஒவ்வோர் ஆண்டும் பிடித்தால் 2,160. முதியோரை அமர்த்திப் பேச வைப்பது ஆண்டுக்கு 20 மணி நேரம் என்று கொண்டால் இன்னும் 900. பின்னர், வீடுகளிலே தகரப் பெட்டிகளில் கிடக்கும் பழைய பத்திரங்கள்: பிறப்பு அத்தாட்சிகள், பழைய கடவுச்சீட்டுகள், செக்ரோல் துண்டுகள், 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நிரப்பிய விண்ணப்பங்களின் பிரதிகள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் ஒரு துண்டுக் கடதாசி இல்லாமையால் எத்தனை குடும்பங்கள் அலைந்தன என்பதை இங்குள்ள பெரியோர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ஒரு பக்கத்தை நிறத்தோடு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவிற் சுருக்காமல் எடுத்தால் ஏறக்குறைய 26 மெகாபைட். பத்தாயிரம் பக்கத்துக்கு 260 ஜிகாபைட். எல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு 3,320 ஜிகாபைட். மூன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 10 டெராபைட்.

ஆதலால் 12 டெராபைட் தட்டாக வாங்குவது பொருந்தும். ஒன்று சொல்லிவைக்கிறோம்: 12 என்று எழுதிய தட்டை விண்டோஸ் கணினியில் இணைத்தால் 10.9 என்றே காட்டும். தட்டுச் செய்வோர் ஆயிரம் ஆயிரமாகவும், கணினி 1,024 ஆகவும் எண்ணுவதால் வரும் வேறுபாடு இது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகவேண்டாம்.

இனி, செயற்குழுவிலே எழுந்த இரண்டு கட்சிகளைப் பற்றி. மூத்தோர் சொன்னார்கள்: "நான்கு தட்டுப் போடும் பெரிய பெட்டியாக ஒன்று வாங்கி, மண்டபத்து அலமாரியிலே பூட்டி வையுங்கள். ஒன்று பழுதானாலும் மற்றவை காக்குமாம்." இளைஞர் சொன்னார்கள்: "அதே பெட்டியை வலையமைப்போடு இணைக்கும் வகையிலே, 'நாஸ்' என்பார்களே, அப்படி வாங்கினால் நால்வர் ஒரே நேரத்தில் இருந்து வெட்டி ஒட்டலாம்." உண்மையை ஒளிப்பானேன், நாமும் அந்தக் கட்சியிலேதான் இருந்தோம். விசாரிக்க விசாரிக்க, இரண்டு கட்சியும் ஒரே பெட்டியைத்தான் கேட்கின்றன என்பது விளங்கிற்று.

பல தட்டுகளை ஒரு பெட்டியிற் கட்டி ஒன்றாய் இயக்கும் முறைக்கு 'றெயிட்' என்று பெயர். 1988ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே, பேர்க்லி நகரில், பற்றர்சன், கிப்சன், கற்ஸ் என்னும் மூவர் எழுதிய கட்டுரையால் இப்பெயர் பரவியது. விலை மலிந்த சிறு தட்டுகள் பலவற்றைச் சேர்த்து, விலையுயர்ந்த பெரிய தட்டொன்றின் வேலையை வாங்கலாம் என்பதே அவர்கள் கருத்து. ஏழைகளுக்கு ஏற்ற கருத்து என்று எமக்குப் பட்டது.

அது எப்படிக் காக்கிறது என்பதைக் கொழுந்து நிறுக்கும் இடத்திலே கண்டுகொள்ளலாம். மூன்று பேருடைய கொழுந்து 18, 16, 21 கிலோ என்று துண்டில் எழுதி, கீழே மொத்தம் 55 என்று போடுகிறார்கள். மழைத்துளி விழுந்து நடுவிலுள்ள 16 அழிந்து போயிற்று என்று வைத்துக்கொள்வோம். 55இல் 18ஐயும் 21ஐயும் கழித்தால் அழிந்தது 16 என்று தெரிந்துவிடும். நான்கு தட்டுப் பெட்டியில் ஐந்தாம் வகை றெயிட் செய்வது ஏறக்குறைய இதுவே. மூன்று தட்டளவு எழுத்து, ஒரு தட்டளவு 'மொத்தம்'. 12 டெராபைட் தட்டு நான்கு போட்டால் 36 கிடைக்கும். ஒன்று பழுதானாலும் கணக்குத் தப்பும். ஆறாம் வகையில் இரண்டு பழுதானாலும் தப்பும், ஆனால் கிடைப்பது 24. முதலாம் வகை வெறும் கண்ணாடி: ஒன்றில் எழுதியதை அப்படியே மற்றதிலும் எழுதும். பூச்சிய வகை என்று ஒன்று உண்டு. அதில் மொத்தமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. நான்கு தட்டிலும் பிரித்து எழுதி விரைவை மட்டும் கூட்டும். 48 டெராபைட் முழுவதும் கிடைக்கும். ஒன்று போனால் நான்கும் போகும். சில பெட்டிகள் கடையிலிருந்து வரும்போதே இந்த வகையில் அமைந்து வருகின்றன. வாங்குவோர் முதலிற் பார்க்கவேண்டியது இதை.

நிறுவைத் துண்டிலே இரண்டு எண்கள் அழிந்தால் மொத்தம் உதவாது. அதுபோல, ஐந்தாம் வகையில் ஒரு தட்டுப் போய்ப் புதியது போட்டதும், பெட்டி மற்ற மூன்றையும் முழுக்க வாசித்துக் கணக்குப் பார்த்து எழுதவேண்டும். நொடிக்கு 200 மெகாபைட் என்று வைத்தாலும் 12 டெராபைட்டுக்கு 16 மணி 40 நிமிடம். நடைமுறையில் இன்னும் நீளும். நான்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே தொகுதியிலிருந்து வாங்கிய தட்டுகள். ஒரே வயதுடையவை, ஒரே வேலை செய்து தேய்ந்தவை. ஒன்று விழும் காலத்தில் மற்றொன்றும் தள்ளாடுவது வியப்பன்று. அத்தகைய நேரத்தில் 16 மணி நேரம் ஓயாமல் வேலை வாங்குகிறோம். அதற்குள் மின்வெட்டு வராது என்று அட்டனில் இருந்துகொண்டு யார் சொல்ல முடியும்?

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. கணக்கப்பிள்ளை 18 என்று எழுதவேண்டிய இடத்தில் 8 என்று எழுதினால், மொத்தமும் அதற்கேற்பத் தவறாகவே வரும். எந்தக் கூட்டல் கழித்தலும் அதைத் திருத்தாது. நாமே கைதவறி ஒரு கோப்பை அழித்தால், நான்கு தட்டிலும் அந்த நொடியே அழிந்துவிடும். நச்சு நிரல் புகுந்தாலும் அவ்வாறே. பெட்டி தட்டைக் காக்கிறதேயன்றி, தட்டிலுள்ள கூத்தைக் காக்கவில்லை. திருடனுக்கும் தீக்கும் அது ஒரே பெட்டிதான்.

இவை நாமே கற்பித்துக்கொண்ட அச்சங்கள் அல்ல. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் நமது நாட்டு அரசாங்கத்தின் கணினி முகிலையே கப்பம் கேட்கும் நச்சு நிரல் ஒன்று தாக்கிற்று. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள், அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட, மீளக் கிடைக்கவில்லை. காரணம், அந்தக் காலத்துக்கு வெளியே தனித்து வைத்த பிரதி இல்லை. 2025 செப்டம்பர் 26ஆம் நாள் தென்கொரியாவிலே தேஜோன் நகரத்து அரசாங்கத் தரவு நிலையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளை வைத்திருந்த 'ஜி-டிரைவ்' என்னும் சேமிப்பில் 858 டெராபைட் அழிந்தது. அதற்கு வெளிப்பிரதி ஏன் இல்லை என்று கேட்டபோது வந்த விடை: மிகப் பெரிதாக இருந்ததனால். எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்று நாம் வாதிட்டுக்கொண்டிருந்த வாரத்திலே இதைப் படித்தோம். அதன் பின் எமக்கு அந்த வாதத்தில் ருசி இல்லாமற் போயிற்று.

பெட்டியைச் செய்யும் நிறுவனத்தையும் நம்பியிருத்தல் ஆகாது. 'டுரோபோ' என்றொரு தட்டுப் பெட்டி மேல்நாட்டுப் படப்பிடிப்பாளரிடையே பெரும் பெயர் பெற்றிருந்தது. எந்த அளவுத் தட்டையும் கலந்து செருகலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் தட்டில் எழுதும் முறை அந்நிறுவனத்துக்கே உரிய இரகசிய முறை. 2022 ஜூனில் அதன் உரிமையாளர் வங்குரோத்து நீதிமன்றம் போனார்; 2023இல் நிறுவனமே கலைக்கப்பட்டது. பெட்டி பழுதானவர்கள், தட்டு நலமாக இருந்தும், இன்னொரு பழைய டுரோபோவைத் தேடி அலையவேண்டியதாயிற்று. ஆகவே நாம் வாங்கும் பெட்டியிலிருந்து ஒரு தட்டைத் தனியே கழற்றி, வேறெந்தக் கணினியிலாவது இணைத்தால் அது வாசிக்கப்பட வேண்டும். இதைக் கடைக்காரரின் வாய்ச்சொல்லால் ஏற்கக் கூடாது. வெறுமனே நாலு கோப்புகளை எழுதி, ஒரு தட்டைக் கழற்றி, அங்கேயே வேறு கணினியிற் செருகிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கவேண்டும்.

தட்டு வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. லயத்துக் கூரையிலே தகரங்களை ஒன்றின் விளிம்பின் மேல் ஒன்றாக வேய்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அடியிலுள்ள ஒரு தகரத்தை மாற்ற வேண்டுமானால் மேலுள்ளதையும் கிளப்பவேண்டும். சில வகைத் தட்டுகளில் எழுத்துத் தடங்களை இவ்வாறே ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து வைத்து, குறைந்த செலவில் நிறைய இடம் செய்கிறார்கள். எஸ்.எம்.ஆர். என்பது அதன் பெயர். ஒருமுறை எழுதி வைத்துவிட்டுப் பார்ப்பதற்குப் பாதகமில்லை. அடிக்கடி மாற்றி எழுதினாலோ, கட்டுப் பெட்டியில் மீளக் கணக்குப் பார்க்கச் சொன்னாலோ திணறும். 2020ஆம் ஆண்டு, வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் 'ரெட்' வரிசைத் தட்டுகள் சிலவற்றை இவ்வகையிற் செய்து, அதனை வெளிப்படச் சொல்லாமல் விற்றது தெரியவந்து வழக்காயிற்று. ஆதலால் சி.எம்.ஆர். வகைதானா என்று அதன் இலக்கத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

விரைவைப் பற்றி எமது இளைஞர் அதிகம் பேசினார்கள். நாம் சுருக்கமாகவே சொல்லுவோம். சுழலும் தட்டு பெரும்பாலும் நொடிக்கு 200, 250 மெகாபைட் அளவே தரும். அதற்கு யூ.எஸ்.பி. மூன்றாம் தலைமுறை வடமே போதும். தண்டர்போல்ட் வடத்துக்குக் காசைக் கொட்டுவது, மாட்டு வண்டி போகும் பாதைக்குக் கொழும்பு அதிவேக வீதியைப் போட்டதற்கு ஒப்பாகும். 720 ஜிகாபைட் கூத்தைப் பிரதி எடுக்க இந்த வடத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சாதாரண வலையமைப்பு வழியே இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. பழைய இரண்டாம் தலைமுறை வடத்தை அறியாமல் மாட்டிவிட்டால் ஆறு மணி நேரம் வரை. நமது பழைய கணினியின் பின்புறத் துளைகளிற் சில அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை, கவனிக்க. வலையமைப்புப் பெட்டிக்கு இரவு பகல் மின்சாரம் வேண்டும். இணையத்தோடு ஒட்டியிருந்தால் காவலும் வேண்டும். 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்னும் கப்ப நிரல் கியூநாப் நிறுவனத்தின் வலைப்பெட்டிகள் ஆயிரக்கணக்கானவற்றைப் பூட்டிப் பணம் கேட்டது. நமது மண்டபத்திலே இரவிற் காவலுக்கு இருப்பது ஒரு நாய் மட்டுமே.

"இணையத்திலேயே ஏற்றிவிடலாமே" என்று ஓர் அக்கா கேட்டார்கள். நல்ல கேள்வி. நொடிக்கு 10 மெகாபிட் மேலேறும் இணைப்பிலே ஒரே ஒரு கூத்தை ஏற்ற ஆறு நாளுக்கு மேல் இரவு பகலாகச் செல்லும். மாத வாடகையும் ஓயாது. மன்றம் ஓராண்டு சந்தா சேர்க்கத் தவறினால் அவ்வாண்டே அத்தனையும் போய்விடும். ஆயினும் சுருக்கிய பிரதிகளையும் பத்திரப் படங்களையும் பலரும் பார்க்கும்படி வைப்பதற்கு இணையமே தக்க இடம். 2005ஆம் ஆண்டு முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தார் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் அவ்வாறு திரட்டி எவரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஜூன் முதலாம் நாள் இரவோடு இரவாக எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஒரு கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒரே கட்டடம்தான் என்பதை நம்மவர் அன்றைக்கே கண்டுவிட்டார்கள்.

ஏட்டுச் சுவடிகளின் கதையும் இதுவே. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் உ. வே. சாமிநாதையர் அவர்களும் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது, ஓர் ஊரில் செல்லரித்துக் குறைந்த இடத்தை மற்றோர் ஊர்ச் சுவடியைக் கொண்டு நிரப்பினார்கள். நல்ல மரத்தாற் செய்த ஏட்டுப் பெட்டி வைத்திருந்த வீடுகள் பல இருந்தன. அவற்றிலும் ஏடு செல்லரித்தது. யாரோ ஒரு மாணாக்கர் பிரதி எழுதி வேறோர் ஊருக்குக் கொண்டுபோயிருந்தமையால் நூல் மிஞ்சியது. நமது பக்கத்திலும் அப்படியே. தோட்டத்துப் பாடல்களைத் தேடித் திரட்டி, சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கினார்கள். அச்சேறிப் பல வீட்டுக்குப் போய்விட்டமையால், அதை ஒரு மேசையிலிருந்து தள்ளி உடைக்க எம்மைப் போன்றோரால் முடியாது. நாம் கற்ற மிஷன் பாடசாலையிலே பழைய அதிபர் ஒருவர் மாணவர் சேர்வு இடாப்பை எப்போதும் இரண்டு பிரதி எழுதச் சொல்லி, ஒன்றைப் பாடசாலையிலும் மற்றதைத் தம் விடுதியிலும் வைத்திருந்தாராம். அந்நாளில் எமக்கு அது ஒரு பைத்தியமாகத் தோன்றிற்று.

ஆகவே எமது விண்ணப்பம் இது. பெரிய பெட்டிக்கும் நான்கு தட்டு, நாம் சொல்லும் வழிக்கும் நான்கு தட்டு. நான்கும் ஒரே பெட்டியில் இருக்கவேண்டுமா, மூன்று வீட்டில் இருக்கவேண்டுமா என்பதில் மட்டுமே வேறுபாடு. இரண்டு தட்டுச் செருகும் எளிய பெட்டி ஒன்றை வாங்கி, கண்ணாடி முறையில் அமைத்து, மண்டபத்திலே வேலைக்கு வைப்போம். படம் பிடித்த அன்றே, பிரதி எடுக்குமுன் ஒரு தட்டுப் போய்விட்டால் மற்றது இருக்கும். மூன்றாவது தட்டையும் நான்காவதையும் தனித்தனி உறையிலே போட்டு, முழுப் பிரதி எடுத்து, வெவ்வேறு இடத்தில் வைப்போம். ஆட்கள் ஒரே நேரத்தில் இருந்து வெட்டி ஒட்ட முடியாது என்பது குறைதான். இளைஞர்கள் முறை வைத்து அமரட்டும்.

எந்த இடம் என்பதிலும் யோசனை தேவை. ஒன்று தலவாக்கலையில், ஒன்று கொட்டகலையில் என்று முதலில் எழுதியிருந்தோம். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள், நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகளே சரிந்தன, பாதைகள் அறுந்தன. சாமான் எடுக்க நேரமின்றி உயிரை மட்டும் கையிற் பிடித்துக்கொண்டு ஓடிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் தட்டைப் பற்றிப் பேசுவது எமக்கே கூச்சமாக இருக்கிறது. ஆயினும் முகாமிலே ஒரு தாய் எம்மிடம் கேட்டது தம் பிள்ளையின் பிறப்பு அத்தாட்சியின் படம் மன்றத்தில் இருக்கிறதா என்பதுதான். இருந்தது. அதனாலேயே பேசுகிறோம். ஒரே மலைத் தொடரிலே இரண்டு பிரதி வைப்பது போதாது. ஒன்று மலைக்கு வெளியே போகவேண்டும் என்று திருத்தி எழுதினோம்.

மின்சாரத்துக்கு ஒரு யூ.பி.எஸ். வேண்டும். 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உப நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்து நாட்டையே இருட்டாக்கிற்று. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் தட்டின் அட்டவணை குழம்பும். யூ.பி.எஸ். சிறிதாக இருந்தாலும், எழுதி முடித்து அணைக்கப் பத்து நிமிடம் தந்தாற் போதும். சித்திரை மாதத்துப் பிற்பகல் இடிக்கு அதுவும் காவலன்று. மேகம் கறுத்தால் வடத்தைக் கழற்றிவிட வேண்டும். அடுத்து, ஈரம். குளிரில் கிடந்த தட்டை அடுப்பெரியும் அறைக்குக் கொண்டுவந்து உடனே இயக்கினால் உள்ளே வியர்க்கும். இரண்டு மூன்று மணி நேரம் பொறுக்கவேண்டும். மூடும் டப்பாவிலே சிலிக்கா மணிப் பைகளோடு வைத்து, மணியின் நிறம் மாறினால் மாற்றவேண்டும். தட்டின் மின்னிணைப்பியிலும் பெயர் எழுதி ஒட்டிவிடுக. பழைய தட்டுக் கிடைத்து, அதற்குரிய இணைப்பி கிடைக்காமல் அலைந்த அனுபவம் எமக்கு உண்டு.

வைத்துவிட்டு மறந்தாலும் கெடும். ஒவ்வொரு கோப்புக்கும் கணினி ஒரு சரிபார்ப்பு எண் எழுதித்தரும். ஓரெழுத்து மாறினாலும் அந்த எண் மாறும். ஆண்டுக்கொருமுறை தட்டைத் திறந்து இந்த எண்களை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இதற்குச் சரஸ்வதி பூசையைக் குறித்திருக்கிறோம். அன்றைக்கு ஏடுகளோடு தட்டையும் வைத்து வணங்கிவிட்டு, மறுநாள் விஜயதசமியன்று சரிபார்ப்போம். ஆனால் மூன்று பிரதியும் ஒரே பூசைக்கு வரக் கூடாது. இரண்டு வரட்டும், ஒன்று தானிருக்கும் இடத்திலேயே சரிபார்க்கப்படட்டும். அம்பாள் கோபிக்கமாட்டாள்.

மண்டபத்துப் பெட்டியின் பொறுப்பை இரண்டு இளைஞர் ஏற்றிருக்கிறார்கள். தலவாக்கலைப் பிரதிக்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் புத்தக அலமாரியில் ஒரு தட்டு ஒழித்துத் தந்திருக்கிறார். மூன்றாவதைக் கொழும்பிலே தொழில் பார்க்கும் நமது உறுப்பினர் ஒருவர் வைத்துக்கொள்ள இசைந்திருக்கிறார். அவர் வேலை மாறிப்போனால் அது யார் வீட்டுக்குப் போகும் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இன்றைய சபையிலே யாராவது பெயர் கொடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். முதன்முதலாக அதில் எழுதப்போவது மாஸ்டரின் அந்த நான்கு நிமிடம்.